போர்க்களத்தில் தோற்ற வில், ஒலிம்பிக்ஸில் ஜெயித்தது எப்படி?

விளக்குமாற்றுக் குச்சியை வளைத்து, நூல் கட்டி, இன்னொரு குச்சியை அம்பாக்கி விட்டிருக்கிறீர்களா? அந்த அம்பு ரெண்டு அடி தள்ளிப் போய் விழுந்திருக்கும். 'பாகுபலி'யில் ஒரே நேரத்தில் மூணு அம்பு பறக்குதே, நமக்கு ஏன் ஒண்ணுகூட நேராப் போகலைன்னு யோசிச்சிருப்பீங்க. காரணம் சிம்பிள். வில் ரொம்பக் கஷ்டமான கருவி. அந்தக் கஷ்டம்தான் அதைப் போர்க்களத்திலிருந்து வெளியேற்றியது. அதே கஷ்டம்தான் அதை ஒலிம்பிக்ஸுக்கும் கொண்டுவந்தது.

சட்டம் போட்டுப் பழக்கிய ராஜா

வில் முதலில் வேட்டைக் கருவி. டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் கிடைத்த மர வில்லுக்கு வயது சுமார் 9,000 ஆண்டுகள். பிறகு அது போருக்குப் போனது. மரம், கொம்பு, விலங்கின் தசைநார் மூன்றையும் ஒட்டிச் செய்த குட்டையான வில்லோடு, ஓடும் குதிரையிலிருந்தே அம்பு விட்டார்கள் மங்கோலியர்கள். 13-ம் நூற்றாண்டில் ஆசியாவின் பெரும்பகுதி அவர்களிடம் வீழ்ந்ததில் அந்தக் குட்டை வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம பக்கம் சேரர்களின் சின்னமே வில்தான்.

இங்கிலாந்தில் ஆள் உயர நீள வில். 1415-ல் அஜின்கோர்ட் போரில், தங்களைவிடப் பெரிய பிரெஞ்சுப் படையை இங்கிலாந்து வீழ்த்த இதுவே முக்கியக் காரணம். ஆனா, அந்த வில்லாளிகள் ஒரே நாளில் உருவாகவில்லை. 1363-லேயே மூன்றாம் எட்வர்ட், 'விடுமுறை நாள்ல கால்பந்து ஆடாதீங்க, வில் பழகுங்க' என்று உத்தரவு போட்டிருந்தார்!

எவ்வளவு பழகினார்கள் என்பதற்குச் சாட்சி, 1545-ல் மூழ்கிய 'மேரி ரோஸ்' போர்க்கப்பல். 1982-ல் கடலிலிருந்து தூக்கப்பட்ட அந்தக் கப்பலில் 130-க்கும் மேற்பட்ட விற்கள் கிடைத்தன. பலவற்றை முழுசா இழுக்க 45 கிலோவுக்கும் மேல் விசை தேவை. அதில் இறந்தவர்கள் சிலரின் தோள்பட்டை எலும்புகள் இயல்பாக ஒன்றுசேராமல் இருந்தன. சின்ன வயசிலிருந்தே கனமான வில்லை இழுத்ததன் விளைவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

துப்பாக்கி ஜெயித்த ரகசியம்

'துப்பாக்கி வந்தது, வில் போச்சு' என்று ஈஸியாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால், ஆரம்பகாலத் துப்பாக்கிகள் ரொம்ப ஸ்லோ. ஒருமுறை சுட்டுவிட்டு, மறுபடி மருந்து கெட்டிப்பதற்குள் நல்ல வில்லாளி பல அம்புகளை விட்டுவிடுவார். குறி பார்ப்பதிலும் அவை சுமார்தான்.

பிறகு ஏன் ஜெயித்தது? கவசத்தைத் துளைக்கும் சக்தி ஒரு காரணம். இன்னொன்று, பயிற்சி. வில்லாளியை உருவாக்க வருஷக்கணக்கில் ஆகும். துப்பாக்கி பிடிக்க ஒரு விவசாயிக்குச் சில வாரங்கள் போதும். 16-ம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்துப் படை வில்லைக் கிட்டத்தட்டக் கைகழுவியது.

இந்தியாவில் வில் அவ்வளவு சீக்கிரம் ஓயவில்லை. 1855-ல் கிழக்கிந்திய கம்பெனியின் துப்பாக்கிகளுக்கு எதிராக சந்தால் மக்கள் வில் அம்போடு நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள்.

வேலை போன வில், விளையாட்டானது

1781-ல் லண்டனில் வில்வித்தைக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. உயிருக்காக இழுத்த வில்லைப் பணக்காரர்கள் பொழுதுபோக்குக்காக இழுத்தார்கள். பெண்களும் ஆட முடிந்த அபூர்வமான விளையாட்டு இது. 1904-லேயே ஒலிம்பிக்ஸில் பெண்கள் வில்வித்தை இருந்தது. 1908-ல் தங்கம் வென்ற குவீனி நியூவலுக்கு வயது 53!

ஆனால், நாட்டுக்கு நாடு விதிகள் மாறியதால் குழப்பம். 1920-க்குப் பிறகு ஒலிம்பிக்ஸிலிருந்தே வில்வித்தை காணாமல்போனது. 1931-ல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகி, பொது விதிகள் வந்தன. 1972 மியூனிக்கில் வில் திரும்ப வந்தது.

20 விநாடி டென்ஷன்

இன்றைய ஒலிம்பிக்ஸில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில். மூன்றரை கிரிக்கெட் பிட்ச்சை வரிசையா வெச்சா வர்ற நீளம். நடுவில் இருக்கும் 10 பாயின்ட் வட்டம் 12.2 சென்டிமீட்டர்தான், ஒரு சிடி சைஸ். தனிநபர் போட்டியில் ஒரு அம்புக்கு 20 விநாடி.

தரவரிசைச் சுற்றில் 72 அம்புகள். ஒவ்வொரு முறையும் சுமார் 20 கிலோ இழுத்தால், மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை டன்! அதோடு மனசும் அசையக் கூடாது. டோக்கியோவில் வீரர்களின் இதயத்துடிப்பையே டிவியில் காட்டினார்கள்.

இதில் தென்கொரியாதான் கெத்து. 1988-ல் பெண்கள் அணிப் போட்டி அறிமுகமானதிலிருந்து பாரிஸ் 2024 வரை பத்துத் தங்கமும் அவர்களுக்கே. அங்கே பழைய பெருமை செல்லாது. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற அன் சான், பாரிஸ் அணிக்குத் தேர்வாகவே இல்லை.

நம்ம நிலைமை?

ராஜஸ்தான் பழங்குடிக் குடும்பத்திலிருந்து வந்த லிம்பா ராம், ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான தீபிகா குமாரி என உலகத்தரமான ஆட்கள் நம்மிடம் உண்டு. ஆனாலும், பாரிஸ் 2024 வரை ஒலிம்பிக் வில்வித்தையில் இந்தியாவுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. பாரிஸில் தீரஜும் அங்கிதாவும் நான்காம் இடம் வரை வந்தார்கள்.

பாராலிம்பிக்ஸில் கதையே வேறு. பாரிஸில் ஹர்விந்தர் சிங் தங்கம் வென்றார். கைகள் இல்லாமல் பிறந்த 17 வயது ஷீத்தல் தேவி, காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து, ராகேஷ் குமாருடன் சேர்ந்து வெண்கலம் வென்றார்.

நீங்களும் இழுக்கணுமா?

- எடை குறைந்த வில்லில் ஆரம்பியுங்கள். 'கெத்து' காட்டக் கனமான வில்லை எடுத்தால் தோள்தான் போகும்.
- அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடாதீர்கள். வில் உடைந்து காயம்படலாம்.
- விளையாட்டுக்குக்கூட ஆள் பக்கம் வில்லைத் திருப்பாதீர்கள்.
- யூடியூப் போதாது. பயிற்சியாளர் அவசியம்.

முதல் நாள் அம்பு எங்கேயோதான் போகும். போகட்டும், விடுங்க. சீக்கிரம் கத்துக்க முடியலைன்னுதான் படைகள் வில்லைக் கீழே போட்டன. சீக்கிரம் கத்துக்க முடியாததால்தான் அதை இன்னும் நாம கையில் எடுக்கிறோம்.