சாலை உப்பும் கார் வண்ணப்பூச்சும்

பனிக்காலத்தில் சாலையில் படியும் பனிக்கட்டியை உருக்கத் தூவப்படும் உப்பு, அங்கே ஓடும் கார்களின் வண்ணப்பூச்சையும் அதற்கு அடியிலுள்ள எஃகுத் தகட்டையும் கெடுக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ, கியூபெக் மாகாணங்களிலும், அமெரிக்காவில் பெரும் ஏரிகளை ஒட்டிய மிச்சிகன், ஒகாயோ, நியூயார்க் போன்ற மாநிலங்களிலும் இந்தச் சேதம் மிக அதிகம். நவம்பர் பிறந்ததும் உப்பு லாரிகள் சாலைக்கு வந்துவிடும். மார்ச் கடைசிவரை, சில ஆண்டுகளில் ஏப்ரலிலும்கூட, அவற்றுக்கு ஓய்வில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோவிலும் அதை அடுத்த மார்க்கம் நகரிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதால், தமிழ் பேசும் வீடுகளுக்கும் இது ஆண்டுதோறும் வந்துபோகும் கவலை.

சாலைக்கு உப்புப் போடும் வழக்கம் அவ்வளவு பழையதன்று. முன்பு மணலும் நிலக்கரிச் சாம்பலும்தான் தூவினார்கள். அமெரிக்க மாநிலங்களில் நியூ ஹாம்ப்ஷயர் உப்பை முதலில் முறையாகக் கையில் எடுத்தது. 1941-42 குளிர்காலத்தில் அந்நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளில் இறைக்கப்பட்ட உப்பு சுமார் 5,000 டன். பிற்காலத்தில் கனடா மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் இறைக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. ஒன்ராறியோவின் காட்ரிச் நகரில், ஹூரான் ஏரிக்கு அடியில், 500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இயங்குகிறது. 1866இல் எண்ணெய் தேடித் துளையிட்டவர்களுக்கு அங்கே உப்புப் பாறை தட்டுப்பட்டது; இன்றைய சுரங்கம் 1959இல் திறக்கப்பட்டது.

தூய நீர் 0 டிகிரி செல்சியஸில் உறையும். 23 விழுக்காடு அளவுக்குச் சாதாரண உப்புக் கரைந்த நீரோ −21 டிகிரி வரை உறையாது. ஆனால் சாலையின் வெப்பநிலை −10 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே உப்பின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மக்னீசியம் குளோரைடு கரைசல்களைச் சேர்த்துத் தெளிக்கிறார்கள். காருக்கு இவை இரண்டும் கூடுதல் தொல்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாமே கரையும் தன்மை இவற்றுக்கு உண்டு. சாதாரண உப்பு காய்ந்து வெள்ளைப் பொடியாக நிற்கும் நாளிலும் இவை ஒட்டிய இடம் நசநசவென்றே இருக்கும். ஈரம் இருக்கும்வரை அரிப்பும் நிற்காது.

உப்பு வண்ணப்பூச்சைத் தின்றுவிடுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியன்று. பழுதில்லாத பூச்சின் மேல் சில நாள் உப்புநீர் நின்றால் கறை படியலாம், பளபளப்பு மங்கலாம், அதோடு சரி. இன்றைய காரின் உடலில் பல அடுக்குகள் உள்ளன. எஃகுத் தகட்டின் மேல் துத்தநாக முலாம், அதன் மேல் பாஸ்பேட் படலம், பிறகு மின்சாரம் செலுத்திய தொட்டியில் உடலை முழுதாக முக்கி எடுத்து ஏற்றும் அடிப்பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற கிளியர் கோட். பூச்சுகளை எல்லாம் சேர்த்து அளந்தாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான், இரண்டு தலைமுடியின் பருமன். இந்த மெல்லிய போர்வை கிழியாத இடத்தில் உப்புக்கு வேலையில்லை.

கிழிப்பது சாலையிலுள்ள கல்லும் மணலும். உப்போடு சேர்த்துத் தூவிய கரடுமுரடான மணலை முன்னால் போகும் வண்டியின் டயர் வாரி இறைக்கிறது. பானட்டின் முன்விளிம்பு, சக்கரங்களுக்குப் பின்னுள்ள பகுதி, கதவுகளின் கீழ்ப்பக்கம் ஆகியவை அந்த அடியை வாங்குகின்றன. குண்டூசித் தலையளவு பூச்சு பெயர்ந்தாலே உப்புநீர் எஃகைத் தொட்டுவிடும். கரைந்த உப்பு மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகும் மின்வேதி வினை விரைவடைகிறது. முதலில் துத்தநாகம் தன்னை இழந்து இரும்பைக் காக்கும். அது தீர்ந்தபின் துரு பூச்சுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து பரவும். துரு, அது உண்டான இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே பூச்சை அடியிலிருந்து தூக்கிக் கொப்புளமாக்குகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே அழிவு வெகுதூரம் போயிருக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நிம்மதி அடைவதற்கும் இல்லை. அலுமினிய பானட்டிலும் விளிம்பு, மடிப்பு வழியே உப்பு நுழைந்து பூச்சை உப்பச் செய்யும்.

கார்த் தொழில் இந்தப் பாடத்தை மெதுவாகத்தான் படித்தது. உப்புநீரை மூடுபனியாகத் தெளித்து உலோகப் பூச்சைச் சோதிக்கும் ஏஎஸ்டிஎம் பி117 முறை 1939 முதலே இருக்கிறது. இருந்தும் 1970களின் கார்களில் ஐந்தாறு குளிர்காலத்தில் ஓட்டை விழுந்தது. தொழிற்சாலை செய்யத் தவறியதைச் செய்யத் தனிக் கடைகள் முளைத்தன. கதவு, அடிச்சட்டம் ஆகியவற்றின் உட்குழிவில் துருத்தடுப்புக் கலவையைப் பீய்ச்சும் ஜீபார்ட் நிறுவனம் 1959இல் டெட்ராய்ட்டில் தொடங்கியது. 1970களின் நடுவில் போர்ஷே 911இன் உடலுக்குத் துத்தநாக முலாம் பூசிய எஃகு வந்தது. 1980களில் அந்த முறை பிற கார்களுக்கும் பரவிய பிறகே நிலைமை மாறியது. அடிச்சட்டத்தின் கதை மட்டும் இன்னும் முடியவில்லை. டகோமா, டண்ட்ரா, செக்வோயா வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்ததாகத் தொடரப்பட்ட வழக்கை டொயோட்டா 2016இல், 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய உடன்பாட்டில் முடித்துக்கொண்டது. உடன்பாட்டில் அடங்கியவை ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள்.

காரைக் காப்பதற்கான முக்கிய வேலை பனிக்கு முன்பே, அக்டோபரில் முடிந்துவிட வேண்டும். காரை நன்றாகக் கழுவி, விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும் ஒட்டுத்தூசியைக் களிமண் போன்ற கிளே கட்டியால் எடுக்க வேண்டும். அடுத்து, கல் பட்டுப் பெயர்ந்த புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். துரு இருந்தால் சுரண்டி எடுத்து, வெற்று உலோகம் தெரியும் இடத்தில் பிரைமர் தொட்டு, அதன் மேல் அந்தக் காரின் நிற எண்ணுக்குரிய டச்-அப் பெயின்ட்டையும் கிளியர் கோட்டையும் வைக்க வேண்டும். அழகாக அமையாவிட்டாலும் பரவாயில்லை. துளை அடைபட்டால் போதும். குளிர் கூடிவிட்டால் பெயின்ட் சரியாகக் காயாது என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. மெழுகுக்கும் பளபளப்புக்கும் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இந்தப் புள்ளிகளுக்குக் கொடுப்பவரின் கார் பல குளிர்காலம் கூடுதலாக நிற்கும்.

அதன் பிறகே மெழுகு. வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனைவகையின் ஓலையிலிருந்து எடுக்கும் கர்னூபா மெழுகு நல்ல மினுமினுப்பைத் தரும், ஆனால் சில வாரங்களிலேயே தேய்ந்துவிடும். செயற்கைப் பாலிமர் சீலன்ட் அதைவிட நெடுநாள் நிற்கும். சிலிக்கா அடிப்படையிலான செராமிக் பூச்சு ஆண்டுக்கணக்கில் உழைக்கும். அழுக்கும் உப்பும் அழுந்தப் பற்றாமல் வழுக்கி ஓடச் செய்யும். எனினும் மெழுகோ செராமிக்கோ கல்லடியைத் தடுக்காது. அப்படித் தடுக்கும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பக் கூடாது. கல்லடியை உண்மையிலேயே வாங்கிக்கொள்வது பாலியூரித்தேன் படலம் ஒன்றே. முழுக் காருக்கும் அதை ஒட்டினால் செலவு மிகுதி. பானட்டின் முன்பகுதி, முன் பம்பர், சக்கரத்துக்குப் பின்னுள்ள கீழ்ப்பகுதி ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டி, நான்கு சக்கரத்துக்கும் மட்ஃபிளாப் மாட்டிக்கொள்வது நடுத்தரக் குடும்பத்துக்குத் தக்க வழி.

கனடாவில் ஆண்டுக்கொரு முறை காரின் அடியிலும் கதவுகளின் உட்குழிவிலும் எண்ணெய் பீய்ச்சுவது பரவலான வழக்கம். பீய்ச்சிய பின் ஓரிரு நாள் எண்ணெய் சொட்டி வீட்டு வாசலைக் கறையாக்கும். ஆனாலும் இறுகிக் காயும் தாரைவிட இந்தப் பிசுபிசுப்பான எண்ணெயே மேல். தாரில் விரிசல் விட்டால் உப்புநீர் அதற்கும் உலோகத்துக்கும் இடையே தங்கி, யாருக்கும் தெரியாமல் அரிக்கும். எதைப் பூசினாலும் கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடக் கூடாது.

குளிர்காலத்தில் கழுவுவதற்கும் பக்குவம் உண்டு. வெயில் வந்து வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல் ஏறும் நாளே ஏற்றது. அந்த நாளில்தான் உருகும் சேற்றோடு உப்பும் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தூரிகை உருளும் இயந்திரக் கழுவலில் முந்தைய கார்களின் மணல் அடுத்த காரைக் கீறும். அழுத்த நீரால் மட்டும் கழுவும் இடம் நல்லது, அடிப்பாகத்துக்கும் நீர் பீய்ச்சுகிறார்களா என்று கேட்டுக்கொள்வது அதைவிட முக்கியம். தொடாமல் கழுவும் இடங்களின் வீரியமான சோப்பு மெழுகைச் சீக்கிரம் கரைக்கும். நடுக் குளிர்காலத்தில் இன்னொரு முறை சீலன்ட் இடுவது இதனால்தான். கழுவியதும் கதவு ரப்பர்களைத் துடைத்துச் சிலிகான் தடவினால் கதவு உறைந்து ஒட்டாது.

சூடேற்றிய கராஜில் நிறுத்துவது காருக்கு நல்லது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. கழுவாத காருக்கு அது கெடுதலே. வெளியே −15 டிகிரியில் கிட்டத்தட்ட உறங்கிக் கிடக்கும் அரிப்பு, கராஜின் வெதுவெதுப்பில் பனிச்சேறு உருகியதும் விழித்துக்கொள்ளும்.

பனியைத் தள்ளும்போது ஏற்படும் கீறல்களும் குறைவல்ல. சுரண்டி கண்ணாடிக்கு மட்டுமே. உடலின் மேல் மண்வாரியும் கடினத் தூரிகையும் படக் கூடாது. மென்நுரைத் தலை வைத்த கோலால் மேல்பனியை இழுத்துத் தள்ளி, கடைசி விரலளவை அப்படியே விட்டுவிடலாம்.

பனி முடிந்ததும் சலிப்பில் பலர் விட்டுவிடும் வேலை ஏப்ரல் கழுவல். தகடுகளின் மடிப்பிலும் சக்கரக் குழியின் உள்விளிம்பிலும் தங்கிய குளோரைடுகள் கோடை ஈரத்தை இழுத்து, குளிர்காலத்தைவிட வேகமாக அரிக்கும். சக்கரக் குழிக்குள் கைவிட்டுச் சேற்றை வழித்தெடுத்து, அடிப்பாகத்தை நீண்ட நேரம் நீரால் அலசி, புதிதாகப் பெயர்ந்த புள்ளிகளுக்கு மே மாத வெயிலில் பெயின்ட் தொட்டுவைக்க வேண்டும்.