மட்கும் பொதிபொருளும் அது சென்று சேரும் இடமும்

பிளாஸ்டிக்குக்கு மாற்றாக மட்கும் பைகளையும் தட்டுகளையும் உறைகளையும் வேண்டுவோர் தொகை நாளுக்கு நாள் பெருகி வருகிறது. தமிழ்நாடு அரசு 2018 ஜூனில் பிறப்பித்து 2019 ஜனவரி முதல் தேதியன்று நடைமுறைக்குக் கொணர்ந்த தடையாணையும், 2022 ஜூலையில் நாடு முழுமைக்கும் விதிக்கப்பட்ட தடையும் அவ்விருப்பத்துக்குச் சட்டத்தின் பலத்தைச் சேர்த்தன. ஆயினும், மட்குதல் என்பது ஒரு வஸ்துவின் பிறவிக் குணம் என்றும், அக்குணமுடைய பொருளை வாங்கிவிட்டாலே கடமை நிறைவேறிற்று என்றும் விற்போரும் வாங்குவோரும் ஒருங்கே கொண்டுள்ள அபிப்பிராயம் பரிசோதனைக்கு நில்லாது. மட்குதல், வஸ்துவுக்கும் அது சென்று சேரும் இடத்தின் வெப்பம், ஈரம், காற்று, நுண்ணுயிர் ஆகியவற்றுக்கும் இடையே நிகழும் ஒரு காரியம். இடம் மாறினால் காரியமும் மாறிப்போகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மாற்றுப் பொருள்களுள் இன்று பெரிதும் பேசப்படுவது பாலிலாக்டிக் அமிலம். மக்காச்சோளம், கரும்பு முதலியவற்றின் சர்க்கரையைப் புளிக்கவைத்துப் பெறும் லாக்டிக் அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்து ஆக்கப்படும் இப்பொருள், பயிரிலிருந்து பிறந்தது என்ற ஒரே காரணத்தால் மண்ணில் எளிதில் கரைந்துவிடும் என்று எண்ணப்படுகிறது. உண்மையில், அதன் நீண்ட சங்கிலிகளை முதலில் நீர் அறுத்துச் சிறு துண்டுகளாக்க வேண்டும். அதன் பின்னரே நுண்ணுயிர்கள் அவற்றை உணவாகக் கொள்ள இயலும். அந்த முதற்செயலோ, 58 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பமும் ஈரமும் வாரக்கணக்கில் குன்றாது நிலைபெறும் பெரிய உரக்கூடங்களிலேதான் விரைந்து நடைபெறுகிறது. ஆறு மாதத்துக்குள் கரிமத்தில் 90 விழுக்காடு கரியமில வாயுவாதல் வேண்டும் என்னும் ஐரோப்பிய 13432ஆம் தரவிதியும் அத்தகைய கூடங்களைக் கருதியே வகுக்கப்பட்டது. கடல்நீரில் அதே பொருள் ஓராண்டு கிடந்தும் பெரிதாக மாறுவதில்லை.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜென் நாப்பர், ரிச்சர்ட் தாம்சன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. கடைப் பைகள் சிலவற்றை வெட்டவெளியிலும் மண்ணிலும் கடலிலும் இட்டு அவர்கள் மூன்றாண்டுக் காலம் கவனித்தனர். மட்கும் என்று விளம்பரம் பெற்ற ஒரு பை, அத்தனை காலம் மண்ணிலும் கடலிலும் கிடந்த பின்னும் சாமான் சுமக்கும் வலிமையுடன் வெளிவந்தது. உரமாகத் தக்கது என்று முத்திரை பெற்ற மற்றொரு பையோ கடலில் மூன்று மாதத்துக்குள் மறைந்துபோயிற்று. மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பின்னும் எஞ்சியிருந்தது. பண்டம் ஒன்றே, இடம் மட்டுமே வேறு.

நம் நகரங்களுக்கு வருவோம். தரம் பிரிக்கப்படாமல் சென்னையின் கொடுங்கையூர், பெருங்குடி போன்ற குப்பைக் கிடங்குகளைச் சேரும் மட்கும் பை, காற்றுப் புகாத ஆழத்தில் புதைந்து மட்காமலே கிடக்கும். அன்றி மட்கினால், கரியமில வாயுவினும் கொடிய மீத்தேனை எழுப்பும். குப்பையில் பொறுக்கிப் பிழைக்கும் தொழிலாளியின் கண்ணுக்கு அதுவும் பாலித்தீனும் ஒன்றே. மறுவார்ப்புக்குச் செல்லும் சரக்கில் அது கலந்தால் அச்சரக்கும் கெடும்.

வாழையிலை, மந்தாரைத் தையலிலை, தொன்னை, பனையோலைக் கொட்டான் ஆகியவற்றைப் பழமைப் பற்றினால் புகழ்வது என் நோக்கமன்று. இவை தம் முடிவுக்கென ஓர் ஆலையை வேண்டாதவை, கொல்லைக் குழியே போதும் என்பதுதான் இங்கு வேண்டப்படும் நியாயம். ஆனால் பாலுக்கும் எண்ணெய்க்கும் மருந்துக்கும் ஓலை உதவாது. 2018ஆம் ஆண்டு ஆணையே அவற்றின் உறைகளுக்கு விலக்கு அளிக்க நேர்ந்தது. இயற்கையானது என்பதாலேயே தீங்கற்றது என்றும் சொல்வதற்கில்லை. பாக்குமட்டைத் தட்டிலிருந்து அரெகோலின் முதலிய நச்சு ஆல்கலாய்டுகள் உணவில் இறங்கக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. விருந்துகளில் அத்தட்டை விரும்பி வாங்கும் நாம், இதை வர்த்தகச் சச்சரவு என்று தள்ளிவிடாமல், நம் சோதனைச்சாலைகளிலேயே சோதித்தறிவது முறை.

சட்டம் மெல்ல நெருங்கி வருகிறது. உரமாகும் பைகள் ஐ.எஸ். 17088 தரத்துக்கு இணங்கி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று பெற வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள் கூறின; மட்கும் பிளாஸ்டிக் நுண்துகள் எதையும் எஞ்சவிடலாகாது என்று 2024ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. எனினும் சான்று பொருளுக்கே வழங்கப்படுகிறது; அதை ஏற்கும் உரக்கூடம் ஊரில் உண்டா என்று அச்சான்று கேட்பதில்லை. ஆகவே, வெப்பம் காக்கும் உரக்கூடமும் தனிச் சேகரிப்பும் அமையாத நகராட்சியில் பாலிலாக்டிக் குவளைகளுக்கு ஊக்கமளிப்பதை நிறுத்திவைத்து, இலைகளுக்கும், கழுவித் திரும்பப் புழங்கும் எவர்சில்வர் பாத்திரங்களுக்கும் முதலிடம் தருவதே உள்ளாட்சி மன்றங்கள் மேற்கொள்ளத்தக்க வழி.