உப்பும் பொன்னும்

2021 ஜூன் மாதம். காய்ச்சலில் படுத்திருந்த அம்மா, "என்னடா, கோடு வந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதினைந்து நிமிடக் காத்திருப்பில் இரண்டாவது சிவப்புக் கோடு மெல்லத் தெளிந்தது. அம்மா தேறிவிட்டார். ஆனால் அந்தச் சிவப்பு என்ன சாயம் என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது: இத்தகைய பட்டைகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சாயமே அல்ல, தங்கம்.

1856-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே தங்கக் கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கினார். மஞ்சள் உலோகம் மாணிக்கச் சிவப்பாய் நீரில் மிதந்தது. அவர் தயாரித்த ஒரு புட்டி இன்றும் அங்கே சிவப்பாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தான் அந்த நிறத்துக்குக் காரணம் என்று 1857-ல் எழுதினார். கொஞ்சம் உப்பைப் போட்டால் சிவப்பு நீலமாகும். முன்கூட்டியே ஜெலட்டின் கலந்தால் மாறாது என்பதையும் கண்டார்.

ஏன் அப்படி? துகள்கள் எல்லாம் எதிர்மின்னேற்றம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பின் சோடியம் அயனிகள் சுற்றிலும் சூழ்ந்து அந்த விலக்கலை மறைத்துவிடுகின்றன. மிக அருகில் வந்ததும் இயல்பான ஈர்ப்பு ஜெயிக்கிறது. துகள்கள் திரள்கின்றன, நிறம் மாறுகிறது. எதிர் மின்னேற்ற அயனியின் இணைதிறன் கூடக் கூட மிகக் குறைந்த உப்பே போதும் என்பதை 1882-ல் ஷுல்ட்ஸும் 1900-ல் ஹார்டியும் காட்டினார்கள். அதற்கு முழுமையான கோட்பாடு கிடைக்க 1940-கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. சோவியத் ரஷ்யாவில் டெர்யாகினும் லாண்டாவும், நெதர்லாந்தில் வெர்வேயும் ஓவர்பீக்கும் தனித்தனியே அதை எட்டினார்கள்.

ஜெலட்டின் கதை வேறு. அந்த நெடுமூலக்கூறுகள் துகளின் மேல் போர்வையாய்ப் படிந்து, அடுத்த துகளை அண்டவிடுவதில்லை. ரிச்சர்ட் ஷிக்மாண்டி இதை அளக்க ஒரு வழி கண்டார்: 10 மில்லி தங்கக் கூழ்மத்தில் 1 மில்லி 10 சதவீத உப்புநீரை விட்டால் நிறம் மாறாமல் காக்க எத்தனை மில்லிகிராம் வேண்டும்? ஜெலட்டினுக்கு 0.01-ஐ ஒட்டிய அளவு. உருளைக்கிழங்கு மாவுச்சத்துக்கோ சுமார் 25. கூழ்ம ஆய்வுகளுக்காக 1925-ன் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இதில் ஒரு பொல்லாத நுணுக்கம் உண்டு. போர்வை போதாத அளவில் இருந்தால், ஒரே மூலக்கூறு இரண்டு துகள்களைப் பிடித்துப் பாலம் போட்டுவிடும். காப்பதற்குப் பதில் திரட்டிவிடும். தேத்தாங்கொட்டையை உரசிய பானையில் கலங்கல் அடியில் தங்குவதும் கிட்டத்தட்ட இந்த வேலைதான். பாதிக் காப்பு சில நேரம் காப்பே இல்லாததைவிட மோசம். மென்பொருள் எழுதும் எனக்கு அது புதிய பாடமும் அல்ல.

பரிசோதனைப் பட்டை செய்பவர்கள் தங்கத்தின் மேல் நோயெதிர்ப்புப் புரதத்தைப் போர்த்துகிறார்கள். போதுமான அளவு படிந்ததா என்று எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? உப்புநீரை விட்டுத்தான்! சிவப்பாகவே இருந்தால் சரி, நீலமானால் போதவில்லை. அந்தப் போர்வை மட்டும் சரியாக இல்லையென்றால், அன்று காலை எங்கள் கையிலிருந்த பட்டையில் நம்பத்தக்க கோடு தெரிந்திருக்காது. அம்மாவிடம் நான் என்ன சொல்லியிருப்பேன்?