துப்பாக்கிக் குண்டுக் காயம்: உடல் தரும் சாட்சியம்

2011 செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளன்று பரமக்குடியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஆறு தலித்துகள் கொல்லப்பட்டனர். 2018 மே மாதம் தூத்துக்குடியில் பதின்மூவர் கொல்லப்பட்டனர். இத்தகைய நிகழ்வுகளில் அதிகாரத்தின் கூற்றைச் சரிபார்க்கக் காயங்களே முதன்மைச் சாட்சியம். எனவே அவற்றின் தன்மையை அறிவது அவசியமாகிறது.

குண்டின் இயக்க ஆற்றல் அதன் எடையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். கைத்துப்பாக்கிக் குண்டு பெரும்பாலும் வினாடிக்கு 300 முதல் 400 மீட்டர் வேகத்திலும், ரைஃபிள் குண்டு 700 முதல் 900 மீட்டர் வேகத்திலும் பாய்கிறது. ஆயினும் குண்டு சுமந்துவரும் ஆற்றலைவிட, உடலுக்குள் இறக்கிவைக்கும் ஆற்றலே சேதத்தைத் தீர்மானிக்கிறது. நேராகத் துளைத்து வெளியேறும் குண்டைவிட, உள்ளே புரள்வதும் சிதறுவதும் விரிவதும் கூடுதல் அழிவைச் செய்கின்றன. கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையின் பெயரால் அறியப்பட்ட விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்த 1899ஆம் ஆண்டு ஹேக் பிரகடனம் தடை விதித்தது.

குண்டு தன் பாதையிலுள்ள திசுவை நசுக்கி நிலையான துளையை உண்டாக்குகிறது. அதிவேகக் குண்டு சுற்றுத் திசுவையும் வெளித்தள்ளி, கணநேரம் பெரிய குழியைத் தோற்றுவிக்கிறது. நுரையீரலும் தசையும் நெகிழ்வுடையவை. இவ்விழுப்பை ஓரளவு தாங்கும். கல்லீரலும் மூளையும் தாங்காமல் கிழியும். எலும்பில் பட்டால் அதன் சில்லுகளும் பாய்ந்து திசுக்களைக் கிழிக்கும். எனினும் உயிரைத் தீர்மானிப்பவை குண்டு பட்ட இடமும் சிகிச்சை கிடைக்கும் நேரமுமே. தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் பிரியலாம். ஆகவே, 'காலில்தான் சுட்டோம்' என்பது உயிருக்கு உத்தரவாதமன்று.

நுழைவுக் காயம் பொதுவாக வட்டமாக, விளிம்பில் சிராய்ப்பு வளையத்துடன் இருக்கும். வெளியேறும் காயம் ஒழுங்கற்றுக் கிழிந்திருக்கும். அளவை மட்டும் கொண்டு முடிவு செய்வது தவறு. கரிப்படிவும் வெடிமருந்துத் துகள்களின் புள்ளிகளும் அருகிலிருந்து சுட்டதைக் காட்டும். முதுகில் உள்ள நுழைவுக் காயம், குண்டு பாய்ந்தபோது அவர் துப்பாக்கிக்கு முதுகு காட்டி நின்றதைச் சொல்லும்.

காவல்துறையின் மோதல் மரணங்களில் இரு மருத்துவர்கள் உடற்கூறாய்வு செய்து, அதைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என 2014இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. உடையும் எக்ஸ்ரே படங்களும் உடலிலிருந்து எடுத்த குண்டும் பாதுகாக்கப்பட வேண்டும். எரிந்த உடலை மறுபரிசோதனை செய்ய இயலாது. முதல் ஆய்வின் நேர்மையைப் பொறுத்ததே நீதி.