முட்டியும் சட்டமும்

புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே, கற்பிட்டியிலும் சிலாபத்திலும் மாரவிலவிலும் தென்னை செழித்து நிற்கின்றது. சீவிய பாளையினின்று வடியும் சாறு இனியது. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராக நிற்கும். காய்ச்சினால் பாணியாகும், கட்டியாகும். சுண்ணாம்பின்றேல், முட்டியிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதன் இனிப்பை மதுவாக மாற்றிவிடும். சில மணி நேரத்திற் கள் பிறக்கும். கள்ளைக் காய்ச்சி வடித்தாற் சாராயம். நொதித்தல் உயிர்களின் செயலென்பதைப் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டிலிருந்து நிறுவலானார். அதன் பயனையோ பாளை சீவியோர் அதற்கு நெடுங்காலம் முன்னரே கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

வீட்டு முற்றத்தில் எளிதிற் கிடைத்த இப்பானம் அரசின் கண்ணுக்குத் தப்பவில்லை. ஒல்லாந்தரும், அவர்க்குப் பின் ஆங்கிலேயரும், சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டுப் பொருளீட்டினர். 1912இல் மதுவரிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. புதிய கள்ளுத் தவறணைகள் பல திறக்கப்படவே, அதனை எதிர்த்து மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. அதில் முன்னின்ற சேனாநாயக்க சகோதரர்களும் டி. பி. ஜயதிலக்கவும் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துச் சிறை வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான டி. எஸ். சேனாநாயக்கவே பின்னர் சுதந்திர இலங்கையின் முதற் பிரதமரானார்.

அன்றைய சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் வழங்குகின்றது. குழந்தைக்கு ஊட்டும் பாணிக்கும் தவறணைக் கள்ளுக்கும் இடையே நிற்பதோ, இன்றும் ஒரு விரற் சுண்ணாம்பே.