வெறிநாய்க்கடியும் கலீபாவின் தூதுக்குழுவும்

நாய்க்கடியைச் சிறு காயமென்று எண்ணுவோர் நம்மிடையே பலர். இரத்தம் நின்றதும் ஆபத்து நீங்கிற்று என்று இருந்துவிடுகிறோம். ஆனால் வெறிநாயின் உமிழ்நீர் வழியே புகும் நோய்க்கிருமி, நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் நிலை வந்துவிட்டால், பின்னர்ப் பிழைப்பது மிக அரிது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கின்றனர். அவர்களுள் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறார். இந்தியாவில் 2022-23-இல் நடந்த நாடளாவிய ஆய்வொன்று, ஆண்டுக்கு 91 இலட்சம் பேர் விலங்குக்கடிக்கு ஆளாவதாகவும், அவற்றுள் நான்கில் மூன்று நாய்க்கடியே என்றும், 5,700 பேர் வரை வெறிநோயால் இறப்பதாகவும் மதிப்பிட்டது.

இந்நோயை நம் முன்னோர் அறியாதவரல்லர். நாய்க்கு அரபியில் ‘கல்ப்’ என்று பெயர். இந்நோய்க்கு ‘கலப்’ என்று பெயர். அர்ராஸீ, இப்னு சீனா போன்ற பேரறிஞர்கள் இதனைப் பற்றி எழுதினர். 1037-இல் மறைந்த இப்னு சீனாவின் ‘அல்கானூன்’ நூலில் வெறிநாய்க்கடிக்குத் தனி இடமுண்டு. கடிவாயை விரைவில் மூடவிடாமல் நஞ்சை வெளியேற்ற வேண்டுமென்பது அக்கால மருத்துவரின் கொள்கை. எனினும் நோயைத் தடுத்து நிறுத்தும் மருந்து அவர்கள் கைக்கு எட்டவில்லை.

அது எட்டியது 1885 ஜூலை 6-இல். வெறிநாயால் கடியுண்ட ஜோசப் மைஸ்டர் என்னும் 9 வயதுச் சிறுவனுக்குப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான்.

இச்செய்தி இஸ்தன்பூலை எட்டியபோது அங்கு ஆட்சி புரிந்தவர் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் அவர்கள். முஸ்லிம் உலகின் கலீபாவாக விளங்கிய அவர்கள், பிற மதத்தவரான ஓர் அறிஞரிடம் கற்பதை இழுக்கென்று கருதவில்லை. 1886-இல் ஸோயிரோஸ் பாஷாவின் தலைமையில் மருத்துவர் ஹுஸைன் ரெம்ஸி, கால்நடை மருத்துவர் ஹுஸைன் ஹுஸ்னி ஆகியோரைப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். தலைவரோ கிரேக்க வழியினர். பாஸ்டருக்கு ‘மஜீதிய்யா’ விருதும் பொற்கொடையும் உடன் சென்றன. குழுவினர் சில மாதங்கள் தங்கிக் கற்றுத் திரும்பினர். 1887-இல் இஸ்தன்பூலில் வெறிநோய்ச் சிகிச்சை நிலையம் தோன்றியது. பாரிஸில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டதே 1888-இல்தான் என்பதை எண்ணினால் அந்த விரைவு விளங்கும்.

நம் நாட்டில் 1900-இல் கசௌலியிலும், 1907-இல் குன்னூரிலும் பாஸ்டர் நிலையங்கள் எழுந்தன. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றில் பல நாள் குத்திக்கொண்ட துன்பத்தை நம் பெரியோர் நன்கறிவர். அது கைவிடப்பட்டுவிட்டது. இன்றைய மருந்து கையில் போடும் சில ஊசிகளே.

மருந்து இருந்தும் மரணம் ஏன்? தாமதமே காரணம். மிளகாய்ப்பொடி அப்புவதும், சுண்ணாம்பு தடவுவதும், தாயத்தோடு நின்றுவிடுவதும் பொன்னான நாள்களைப் பறிக்கின்றன. ஓதிப் பார்ப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்தவர்களும் நம் நாயகம் (ஸல்) அவர்களே. நாய் வாய்வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவுகின்ற நமக்குக் கழுவுதல் புதிதன்று. கடிவாயைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனை சேர வேண்டும். ஆழமான காயமாயின் அக்காயத்திலேயே செலுத்தும் மருந்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

அடிக்கு அஞ்சி நாய்க்கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. நம் வீடுகளில் அந்த அச்சம் நீங்க வேண்டும். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்ததைக் கூறும் மார்க்கம் நம்முடையது. ஆகவே நாயை வதைப்பது நம் வழியன்று. தெருநாய்களுக்குத் தடுப்பூசி போட ஊர் ஜமாஅத்துகள் முன்வந்து உள்ளாட்சியினருக்குத் துணைநிற்கலாம். பாரிஸுக்கு ஆளனுப்பிய கலீபாவின் பணி அரிது. பக்கத்து மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வது நமக்கு எளிதன்றோ!