பாகாயத்தில் வாடகை வீடு: ஒன்பது சதவீதத்தின் கதை

நம்ம நேயர்கள்ல பலர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "ரிட்டயர்மென்ட் பணம் கையில இருக்கு. பாகாயத்துல ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டா நிம்மதியா இருக்கலாமா?" வீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடி, அங்கே குடிவருகிறவர் யார், ஏன் வருகிறார்னு பார்க்கணும். அதுக்குக் கொஞ்சம் வரலாறு தேவை.

ஐடா ஸ்கடர் 1918ல் வேலூரில் பெண்களுக்காக ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1932ல் அது பாகாயம் வளாகத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருந்தது. 1947ல் ஆண் மாணவர்களையும் சேர்த்தார்கள். 1957ல் பாகாயத்தில் மனநல மையம் வந்தது; நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1966ல் மறுவாழ்வு நிலையம் வந்தது. அங்கே சிகிச்சை மாதக்கணக்கில் போகும். ஊழியர், மாணவர், சிகிச்சைக்கு வந்த வெளியூர்க் குடும்பம், இவங்கதான் பாகாயத்து வாடகைதாரர்கள். ஆம்பூர்ல தோல் ஷூ ஆர்டர் குறைஞ்சா வீடு காலியாகும். இங்கே எல்லாம் ஒரே நிறுவனத்தை நம்பி இருக்கு.

அடுத்தது சட்டம். 1960ல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'நியாய வாடகை'ன்னு ஒரு கணக்கு உண்டு. 1973 திருத்தத்துக்குப் பிறகு, இடத்தின் சந்தை மதிப்பையும் தேய்மானம் கழித்த கட்டடச் செலவையும் கூட்டி, குடியிருப்புக்கு வருஷம் 9 சதவீதம், கடைக்கு 12 சதவீதம் என்று வைத்தார்கள். அந்தச் சட்டம் போய், 2017ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இப்ப வாடகை இரண்டு தரப்பும் எழுதிப் பதிவு செய்கிற ஒப்பந்தப்படிதான். ஆனாலும் அந்த 9 சதவீதம் நமக்கு ஒரு நல்ல அளவுகோல்.

போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான். வீடு 50 லட்சம். முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், அதாவது 4.5 லட்சம். மொத்தம் 54.5 லட்சம். வாடகை மாதம் 15,000 என்றால் வருஷத்துக்கு 1.8 லட்சம். ஒரு மாசம் காலியாக இருந்தால் 15,000 போகும். வீட்டு வரி, பெயின்ட், மோட்டார் ரிப்பேர் 20,000. மிஞ்சுவது 1.45 லட்சம், இரண்டே முக்கால் சதவீதம்கூட இல்லை. பழைய சட்டத்தின் 9 சதவீதம் வேணும்னா 50 லட்ச வீட்டுக்கு மாசம் 37,500 வாடகை வரணும். அந்த வித்தியாசத்தை நிலத்தின் விலை ஏறி ஈடுகட்டும்னு நம்பித்தான் வாங்குறோம். அப்போ அது வாடகை முதலீடு இல்லை, நிலத்து மேல வைக்கிற நம்பிக்கை. அதைத் தெரிஞ்சே வாங்கணும்.

போக்கியத்தையும் கவனிங்க. குடியிருப்பவர் 6 லட்சம் கொடுத்து வாடகை இல்லாமல் இருக்கிறார்னு வைங்க. 7 சதவீத வட்டியில் அது மாசம் 3,500 ரூபாய்க்குத்தான் சமம். அந்த வீட்டை வாங்கினால் 6 லட்சத்தைத் திருப்பித் தரும் சுமையும் உங்க தலையில வரலாம். பதிவு செய்யாத போக்கியம் வில்லங்கச் சான்றிதழில் வராது. அதனால விற்கிறவர் சொல்றதோட நிறுத்தாம, குடியிருப்பவரையே நேரில் கேளுங்க: "எவ்வளவு கொடுத்திருக்கீங்கம்மா, எப்போ கொடுத்தீங்க?"

தண்ணீரும் முக்கியம். பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைகள் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 1996ல். இந்தப் பக்கம் எந்த ஊரில் வீடு பார்த்தாலும் போர் தண்ணியைச் சோதிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீங்க. கோடையில ஒரு தடவை போய்ப் பாருங்க.

கடைசியா ஒண்ணு. 2022ல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. நோயாளி எங்கே போகிறாரோ அங்கேதான் அவரோட குடும்பமும் ரூம் தேடும். கல்லூரியை நம்பி வருகிறவர், சிகிச்சைக்கு வருகிறவர், இரண்டு பேரையும் தனித்தனியா எண்ணிப் பாருங்க. ஓய்வுக்காலப் பணம் மொத்தத்தையும் ஒரே வீட்டில் போடாதீங்க. இரண்டு வருஷச் செலவுக்கான பணத்தை வங்கியில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தை வைத்துப் பேரம் பேசுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.